ஜப்பானைக் கற்ற ஐதராபாத்: பயிற்றுமொழியும் பள்ளி ஆசிரியரும்

முன்னுரை

கிழக்காசிய நாடுகளின் வரலாறும் இலக்கியமும் பண்பாடும் இந்தியப் பள்ளிப் பாடநூல்களில் மிகக் குறைந்த இடத்தையே பெற்றுள்ளன. சீன யாத்திரிகர் இருவர் மூவரின் பெயர்கள், ஜப்பானின் தொழில் வளர்ச்சி, இரண்டாம் உலகப் போரின் இறுதி நாட்கள் ஆகிய செய்திகளோடு அப்பகுதி பற்றிய கல்வி பெரும்பாலும் நிறைவுபெற்று விடுகின்றது. இந்நிலைக்கு மாணவரையோ ஆசிரியரையோ குறை கூறுவதற்கில்லை. ஆசிரியர்க்கு இப்பகுதி குறித்த அறிவு எவ்வழியாக, எம்மொழியில், எவர் நோக்கில் வந்து சேர்கின்றது என்பதே முதன்மையான வினா ஆகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஐதராபாத் நகரம் தக்கதொரு களமாக அமைகின்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்நகரின் கல்வித் துறை ஜப்பானை முறையாகக் கற்க முற்பட்டது. அம்முயற்சி எதைக் கண்டது, எதைக் காணாது விட்டது என்பதை மொழி நோக்கில் ஆராய்ந்து, இன்று பள்ளி ஆசிரியர்க்குக் கிழக்காசியக் கல்வியை வழங்க முற்படுவோர் அதிலிருந்து பெறத்தக்க படிப்பினைகளைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உஸ்மானியாவும் ராஸ் மசூதின் பயணமும்

நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட ஐதராபாத் அரசில், உருது மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பல்கலைக்கழகம் ஒன்றை அமைப்பதற்கான ஆணை 1917ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்டது. 1918இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1919இல் வகுப்புகள் தொடங்கின. ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இருந்தது. ஆயின் அறிவியல், வரலாறு, மெய்யியல் முதலிய பாடங்கள் உருதுவில் கற்பிக்கப்பட்டன. பிரித்தானியர் காலத்து இந்தியாவில் உயர்கல்வி முழுவதையும் இந்திய மொழியொன்றில் வழங்கத் துணிந்த பெருமுயற்சி இது. இதற்கு வேண்டிய பாடநூல்களை ஆக்கும் பொருட்டு 1917இலேயே 'தாருல் தர்ஜுமா' எனப்பெறும் மொழிபெயர்ப்புப் பணியகம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதல் தலைவராக மௌல்வி அப்துல் ஹக் பணியாற்றினார்.

இக்காலத்தில் அவ்வரசின் பொதுக் கல்வி இயக்குநராக விளங்கியவர் சர் சையது அகமது கானின் பேரரான ராஸ் மசூத் (1889–1937). ஆங்கில நாவலாசிரியர் இ.எம். பார்ஸ்டர் 1924இல் வெளியிட்ட தம் இந்திய நாவலைக் காணிக்கையாக்கியது இவருக்கே. நிஜாம் அரசு 1922இல் இவரை ஜப்பானுக்கு அனுப்பியது. தாய்மொழியைக் கைவிடாமலே மேலை அறிவியலைத் தனதாக்கிக் கொண்ட நாடு எனும் புகழ் ஜப்பானுக்கு அப்போது இருந்தது. உஸ்மானியா முயற்சியின் மீது ஐயம் கொண்டோர் பலர் இருந்த நிலையில், அதற்குச் சான்றாக நிற்கத்தக்க நாடொன்றைத் தேடுவது இயல்பே.

மசூதின் அறிக்கை 'ஜப்பானும் அதன் கல்வி முறையும்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 1923இல் ஐதராபாத்தில் நூலாக வெளிவந்தது. உருதுவிலும் பின்னர் வெளியிடப்பெற்றது. பள்ளிகளின் அமைப்பை மட்டும் விவரித்து அமையாமல், அந்நாட்டின் வரலாற்றையும் அதன் புத்தெழுச்சிக்கான காரணங்களையும் அந்நூல் முன்வைக்கின்றது. ஒரு நாட்டின் கல்வி முறையை அறிய விரும்புவோர் முதலில் அதன் வரலாற்றை அறிதல் வேண்டும் என்னும் கொள்கை அதில் உள்ளுறையாக அமைந்துள்ளது. ஒரு கல்வித் துறை தன் பள்ளிகளைச் சீர்ப்படுத்தும் பொருட்டுக் கிழக்காசிய வரலாற்றைக் கற்ற நிகழ்ச்சி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

ஜப்பான் கடந்து வந்த மொழிப் போராட்டம்

வெளியிலிருந்து நோக்குவோர்க்கு ஜப்பானின் மொழி வெற்றி இயல்பாக நிகழ்ந்ததுபோலத் தோன்றும். உண்மை அதுவன்று. அமெரிக்காவில் தூதராக இருந்த மோரி அரினோரி, 1872–73இல் ஜப்பானியக் கல்விக்கு ஆங்கிலத்தை ஏற்பது குறித்த கருத்தை வெளியிட்டார். இது தொடர்பாக அவர் கருத்துக் கேட்டோருள் ஒருவர் வடமொழி அறிஞரும் மொழியியலாளருமான வில்லியம் டுவைட் விட்னி. தாய்மொழியைக் கைவிடுவதை விட்னி ஆதரிக்கவில்லை. இலண்டனில் பயின்றுகொண்டிருந்த பாபா தட்சுயி 1873இல் ஜப்பானிய மொழிக்கு ஆங்கிலத்தில் இலக்கணம் ஒன்றை எழுதி, அதன் முன்னுரையில் மோரியின் கருத்தை மறுத்தார். ஒரு மொழியின் தகுதியை நிலைநாட்ட இலக்கணம் எழுதப்பட்ட இந்நிகழ்ச்சி தமிழறிஞர்க்கு அயலானதன்று; கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் (1856) இங்கு ஆற்றிய பணியை நினைந்தால் இது விளங்கும். அதே மோரி 1885இல் ஜப்பானின் முதல் கல்வி அமைச்சரானார் என்பதும், அவர் காலத்துப் பள்ளிகள் ஜப்பானிய மொழியிலேயே நடைபெற்றன என்பதும் கருதத்தக்கன.

1877இல் அமைந்த தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் தொடக்கத்தில் அயல்நாட்டுப் பேராசிரியர்கள் அயல்மொழிகளில் பாடம் நடத்தினர். அயல்நாடு சென்று பயின்று திரும்பிய ஜப்பானியர் படிப்படியாக அவர்தம் இடங்களில் அமர்ந்த பின்னரே ஜப்பானியம் பயிற்றுமொழியாக வேரூன்றியது. தொடக்கக் கல்வியிலோ, 1872ஆம் ஆண்டுக் கல்வி ஆணையில் தொடங்கிய முயற்சி, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள் பள்ளி வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோரைப் பள்ளிக்குக் கொணர்ந்தது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே நிலவிய பெரும் இடைவெளியைக் குறைக்கும் இயக்கமும் இக்காலத்திலேயே வளர்ந்தது. புத்தபதேய் ஷிமேய் 1887இல் வெளியிடத் தொடங்கிய நாவல் அவ்வியக்கத்தின் தொடக்க எல்லைக்கல்லாகக் கருதப்படுகின்றது. ஆக, உயர்கல்வி, தொடக்கக் கல்வி, உரைநடை ஆகிய மூன்றும் ஒருங்கே இயங்கியதன் விளைவே ஜப்பானின் வெற்றி எனலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பின்பற்ற இயலாது.

கலைச்சொல்லாக்கத்தில் மூன்று வழிகள்

மேலைக் கருத்துகளுக்குச் சொல் காண்பதில் ஜப்பானியர் சீன எழுத்துகளைத் துணைக்கொண்டனர். நிஷி அமானே, மெய்யியலைக் குறிக்க 'தெத்சுகாகு' என்னும் சொல்லை ஆக்கினார். இச்சொல் அவர்தம் 1874ஆம் ஆண்டு நூலின் வாயிலாகப் பரவியது. அறிவு, கல்வி எனும் பொருளுடைய இரு சீன எழுத்துகளால் ஆன இது, சீனத்தில் 'ஜெசுவே' என்றும் கொரியத்தில் 'ச்சொல்ஹாக்' என்றும் ஒலிக்கப்பெற்று அம்மொழிகளிலும் நிலைபெற்றது. சமுதாயத்தைக் குறிக்கும் ஜப்பானிய 'ஷகாய்' என்பதும் அவ்வாறே சீனத்திலும் கொரியத்திலும் வழங்குகின்றது. பண்டு சீனத்திலிருந்து எழுத்தைப் பெற்ற நாடு, புதிய காலத்தில் அவ்வெழுத்தாலாகிய சொற்களைச் சீனத்திற்கே திருப்பி அளித்தது.

உஸ்மானியாவின் பணியகமும் இதே சிக்கலை எதிர்கொண்டது. அரபு, பாரசீக வேர்களிலிருந்தே சொல்லாக்க வேண்டும் என்போர் ஒருபுறம் நின்றனர். உருது ஓர் இந்திய மொழியாதலின் அதன் இயல்புக்கேற்ப இந்தி உறுப்புகளையும் இணைத்துச் சொற்களை ஆக்கலாம் என வாதிட்ட வஹீதுத்தீன் சலீம், கலைச்சொல்லாக்கம் குறித்துத் தனி நூலே எழுதினார் (1921).

தமிழிலும் இம்முயற்சி அக்காலத்தே தொடங்கியிருந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ்க் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைத்தனர். அதே 1916இல் பாரதியார் ஜப்பானியக் கவிதை பற்றிச் 'சுதேசமித்திர'னில் கட்டுரை எழுதி, அந்நாட்டின் மிகச் சிறிய பா வடிவத்தைத் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். வடமொழிச் சொல்லா தனித்தமிழ்ச் சொல்லா என இங்கு நிகழ்ந்த வழக்கும், சீன எழுத்தா ஜப்பானியச் சொல்லா என அங்கு நிகழ்ந்த வழக்கும், அரபியா இந்தியா என ஐதராபாத்தில் நிகழ்ந்த வழக்கும் ஒரே வினாவின் மூன்று வடிவங்கள். கிழக்காசிய வரலாற்றை இவ்வாறு தம் மொழியின் வரலாற்றோடு இணைத்துக் காணும் ஆசிரியர்க்கு அது வெறும் அயல்நாட்டுச் செய்தியாக நின்றுவிடாது.

எவருடைய தாய்மொழி?

தாய்மொழிவழிக் கல்வியே நாட்டை உயர்த்தும் என்பது ஜப்பானிலிருந்து பெறப்பட்ட பாடம். இப்பாடம் ஐதராபாத்துக்கு வந்தபோது அதில் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. ஜப்பானில் பெரும்பாலோர் பேசும் மொழியே பயிற்றுமொழியாயிற்று. ஐதராபாத் அரசிலோ மக்களுள் ஏறத்தாழப் பாதியினர் தெலுங்கு பேசினர்; கால் பங்கினர் மராத்தி பேசினர்; கன்னடம் பேசுவோரும் கணிசமாக இருந்தனர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் பத்தில் ஒரு பங்கினர் அளவினரே. ஆங்கிலத்தோடு ஒப்பிட உருது இந்நாட்டு மொழி. அதனால் பயன்பெற்றோர் பலர். உஸ்மானியா வெளியிட்ட நூல்கள் உருது உரைநடைக்கு வளம் சேர்த்தன. இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும் தெலுங்குச் சிறுவன் ஒருவனுக்கு உயர்கல்வி முன்போலவே பிறமொழியிலேயே அமைந்தது.

இவ்வுணர்வு வெளிப்பட்ட நிகழ்ச்சி, மசூதின் பயணத்திற்குச் சில திங்கள் முன்னரே நிகழ்ந்திருந்தது. 1921 நவம்பரில் ஐதராபாத் விவேகவர்த்தினி அரங்கில் சமூகச் சீர்திருத்த மாநாடு ஒன்று நடைபெற்றது. ஆங்கிலத்திலும் உருதுவிலும் மராத்தியிலும் உரைகள் நிகழ்ந்தன. அல்லம்பள்ளி வேங்கடராமராவ் தெலுங்கில் பேச எழுந்தபோது அவையில் சிலர் கூச்சலிட்டு எள்ளினர். அம்மாநிலத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழி அதன் தலைநகரிலேயே இகழப்பட்டது. அன்றிரவே தெலுங்கர் சிலர் ஒன்றுகூடி ஆந்திர ஜன சங்கத்தைத் தோற்றுவித்தனர். மாடபாடி ஹனுமந்தராவ் முதலியோர் வளர்த்த அவ்வியக்கம் நூலகங்கள், பள்ளிகள் வழியே விரிந்து, 1930இல் ஜோகிப்பேட்டையில் சுரவரம் பிரதாப ரெட்டி தலைமையில் கூடிய ஆந்திர மகாசபையாக மலர்ந்தது.

கார்வே வழியாக வந்த ஜப்பான்

மேற்குறித்த 1921ஆம் ஆண்டு மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் புனேயைச் சேர்ந்த தோண்டோ கேசவ கார்வே. ஜப்பானின் கல்வி வரலாற்றோடு அவருக்கும் தொடர்பு உண்டு. தோக்கியோவில் நருசே ஜின்சோ 1901இல் நிறுவிய ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகம் பற்றிய சிறு வெளியீடு ஒன்று அஞ்சலில் அவருக்கு வந்தது. அதனைப் படித்த ஊக்கத்தால் 1915ஆம் ஆண்டு இறுதியில் மகளிர் பல்கலைக்கழகத் திட்டத்தை வெளியிட்டு, 1916இல் அதைத் தொடங்கினார். மாணவியரின் தாய்மொழியே பயிற்றுமொழி என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. பின்னர் நாதிபாய் தாமோதர் தாக்கர்சி பெயரால் அது வழங்கலாயிற்று.

மாடபாடி ஹனுமந்தராவ் 1928இல் ஐதராபாத் நாராயணகுடாவில் தெலுங்கைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பெண்கள் பள்ளியை ஏற்படுத்தினார். உருதுவழிப் பல்கலைக்கழகத்தின் ஏற்பு அதற்குக் கிட்டாத நிலையில், அப்பள்ளி கார்வேயின் மகளிர் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்றது. ஐதராபாத்தின் தெலுங்குச் சிறுமியர், தோக்கியோவின் முன்மாதிரியால் உருவான புனேப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணையால் தம் தாய்மொழியில் கற்றனர்.

ஆக, ஒரே நகருக்கு ஜப்பான் இரு வழிகளில் வந்து சேர்ந்தது. அரசு அனுப்பிய கல்வி இயக்குநரின் அறிக்கை வழியே வந்த ஜப்பான் உருதுவழிக் கல்விக்குச் சான்றாயிற்று. அஞ்சலில் வந்த சிறு வெளியீட்டின் வழியே, புனேயைச் சுற்றி வந்த ஜப்பான் தெலுங்குவழிக் கல்விக்கு நிழல் தந்தது. ஒரு நாட்டைப் பற்றிய அறிவு அந்நாட்டின் இயல்பால் மட்டும் பொருள் பெறுவதில்லை, அதனை எவர் எத்தேவை கருதிப் படிக்கின்றனர் என்பதாலும் பொருள் பெறுகின்றது என்பதை இவ்விரு வழிகளும் தெளிவுறுத்துகின்றன.

பாடத்தின் மறுபக்கம்: கொரியா

ஜப்பானை மட்டும் தனித்துக் கற்போர் காணாது விடும் பகுதி ஒன்று உண்டு. மசூத் சென்ற 1922இல் தைவான் 1895 முதலும், கொரியா 1910 முதலும் ஜப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. 1911ஆம் ஆண்டு கொரியாவுக்கென வகுக்கப்பட்ட கல்வி ஆணை, ஜப்பானிய மொழியையே அங்குத் 'தேசிய மொழி' என்று வகுத்தது. கொரிய மொழி ஒரு பாடம் என்னும் நிலைக்கு ஒதுக்கப்பட்டது. 1938இல் அதுவும் விருப்பப் பாடமாக்கப்பட்டுப் பள்ளிகளிலிருந்து மெல்ல மறைந்தது. தன் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தந்த அரசே, அயலார் பிள்ளைகளின் தாய்மொழியைப் பள்ளியிலிருந்து விலக்கியது.

1942இல் கொரிய மொழிக் கழகத்தினர் கைது செய்யப்பட்டனர். அவர்கள் செய்த பணி அகராதி தொகுத்ததே. அவர்களுள் இருவர் சிறையிலேயே மாண்டனர். கைப்பற்றப்பட்ட அகராதிக் கையெழுத்துப் படி, ஜப்பானிய ஆட்சி முடிந்தபின் 1945 செப்டம்பரில் சோல் நகரத் தொடர்வண்டி நிலையக் கிடங்கொன்றில் கண்டெடுக்கப்பட்டது. 1947க்கும் 1957க்கும் இடையே அவ்வகராதி ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அகராதிப் பணியில் ஈடுபட்டோர் எவரும் இந்நிகழ்ச்சியை எளிதில் மறக்க இயலாது.

ஐதராபாத்தின் நிலையைக் கொரியாவின் நிலையோடு ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஒன்று அயல்நாட்டு ஆதிக்கம். மற்றது பல மொழியினர் வாழ்ந்த நாட்டில் ஆட்சிமொழிக்கு அளிக்கப்பட்ட முதன்மை. எனினும் தாய்மொழிவழிக் கல்வி என்னும் கொள்கை, 'எவருடைய தாய்மொழி' என்னும் வினாவை விடுத்து நிற்குமாயின் தன் நோக்கத்திற்கே மாறாகிவிடும் என்பதை இரண்டும் தத்தம் அளவில் காட்டுகின்றன. 1948இல் நிஜாம் ஆட்சி முடிவுற்ற பின் உஸ்மானியாவில் உருதுவின் இடத்தைப் பெற்றது தெலுங்கன்று, ஆங்கிலமே. பெரும்பான்மையோர் மொழியில் வேரூன்றாத உயர்கல்வி, ஆட்சி மாறியவுடன் பயிற்றுமொழியை இழந்தது.

இன்றைய ஆசிரியர்க்கு வேண்டுவன

1958இல் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கென ஐதராபாத்தில் அமைந்த மத்திய நிறுவனம், 1972இல் அயல்மொழிகளையும் தன் பெயரில் ஏற்றுக்கொண்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாயிற்று. ஜப்பானியம், சீனம், கொரியம் ஆகியவற்றை இன்று அங்கே பயிலலாம். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, இடைநிலைப் பள்ளிகளில் வழங்கத்தக்க அயல்மொழிகளுள் கொரியத்தையும் ஜப்பானியத்தையும் எடுத்துரைக்கின்றது. ஆயின் மொழியைக் கற்பிப்போர் சிலராகவும், வரலாறும் இலக்கியமும் கற்பிப்போர் பலராகவும் இருப்பர். அப்பலர்க்கு வேண்டிய கருவிகளைத் தாய்மொழியில் ஆக்கித் தருவது மொழிபெயர்ப்பாளர் கடமையாகும். இதில் மூன்று செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, பெயர்கள். ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவியைத் தமிழ்ப் பாடநூல்கள் 'யுவான் சுவாங்' என்கின்றன. இது ஆங்கில அறிஞர் முன்பு கையாண்ட ஒலிபெயர்ப்பு முறைகளுள் ஒன்றின் வழி வந்த வடிவம். சீன அரசு 1958இல் ஏற்ற ரோமன் எழுத்து முறையைக் கொண்டு எழுதப்படும் புதிய நூல்களில் 'சுவன்சாங்' என்பதற்கு நெருங்கிய வடிவமே காணப்படும். அவ்வெழுத்துகளையே ஜப்பானியர் 'கெஞ்ஜோ' என்பர். கொரியர் 'ஹ்யொன்ஜாங்' என்பர். இவை நால்வர் அல்லர், ஒருவரே என்பதை ஆசிரியர்க்கு உணர்த்தும் பெயரடைவு ஒன்று இன்றியமையாதது. குடிப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரும் கிழக்காசிய மரபையும் அது விளக்குதல் வேண்டும்.

இரண்டாவது, அண்மைச் சான்றுகள். அத்துறவி ஆந்திர நாட்டிற்கும் தான்யகடகத்திற்கும் வந்தமையைத் தம் குறிப்பில் பதிந்துள்ளார், காஞ்சிபுரத்தையும் விவரித்துள்ளார். கிருட்டிணை ஆற்றங்கரையிலுள்ள நாகார்சுனகொண்டா எப்பெயரைத் தாங்கி நிற்கின்றதோ, அந்நாகார்சுனரைச் சீனர் 'லோங்ஷு' எனவும் ஜப்பானியர் 'ரியூஜு' எனவும் போற்றுவர். இரண்டும் ஒரே எழுத்துகளின் இரு ஒலிப்புகள். பொருள் நாகமரம் என்பதாகும். நாகத்தைக் குறிக்க அவர்கள் கையாண்ட எழுத்து, சீன மரபின் பறக்கும் பெருநாகத்தைக் குறிப்பது. ஒரு பெயரைப் பாதி பொருளாலும் பாதி ஒலியாலும் பெயர்த்த இவ்வுத்தி மொழிபெயர்ப்பு வகுப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் சீன, ஜப்பானியப் பிரிவுகள் நகரத்து ஆசிரியர்க்கு நேரில் காட்டத்தக்க பொருள்களை அளிக்கின்றன. தமிழகத்து ஆசிரியர்க்கோ, சீனத்துச் சுவன்சோ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டைச் சார்ந்த தமிழ், சீன இருமொழிக் கல்வெட்டும், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்டு இலங்கையின் காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டும் உள்ளன.

மூன்றாவது, அண்டை நாடுகளை இணைத்தே கற்பித்தல். ஜப்பானை முன்மாதிரியாகக் காட்டும் பாடம் கொரியாவையும் உடன் காட்டுதல் வேண்டும். சீனத்தின் எழுத்தைக் கூறும் பாடம், அவ்வெழுத்தை ஏற்றும் தம் மொழிக்கேற்ப மாற்றியும் கொண்ட நாடுகளின் வரலாற்றையும் கூறுதல் வேண்டும். ஒரு நாட்டின் புகழுரையாக அமையும் பாடநூல் வரலாற்றில் பாதியையே தரும்.

முடிவுரை

ராஸ் மசூதின் பயணம், தன் காலத்தில் ஒரு கல்வித் துறை மேற்கொண்ட அரிய முயற்சி. இலண்டனையே நோக்கியிருந்த காலத்தில் கிழக்கே திரும்பி, வரலாற்றோடு சேர்த்துக் கல்வியை ஆராய்ந்தது அதன் சிறப்பு. தான் தேடிச் சென்ற விடையையே அது பெரிதும் பெற்றுவந்தது என்பது அதன் எல்லை. அதே ஜப்பானின் பெயரால் நாராயணகுடாவில் தெலுங்குச் சிறுமியர் தாய்மொழியில் பயின்ற வரலாறு அவ்வெல்லையைக் காட்டுகின்றது. கிழக்காசியாவை ஆசிரியர்க்கு அறிமுகம் செய்யும் நூல்களும் பயிற்சிகளும் ஆங்கிலத்தில் மட்டும் அமையுமாயின், பழைய நிலையே வேறு வடிவில் தொடரும். தமிழாசிரியர்க்குத் தமிழிலும், தெலுங்காசிரியர்க்குத் தெலுங்கிலும், இயன்றவரை மூலமொழிகளிலிருந்து நேரே பெயர்க்கப்பட்டும் அவை கிடைக்கும்போதுதான் ஜப்பான் கற்பித்த பாடம் முழுமையாகக் கற்கப்பட்டதாகும்.